ஆறு மேலே, ஊர் கீழே

ஜப்பானுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது ஃபூஜி மலையையும் புல்லட் ரயிலையும் பற்றித்தான். எனக்கு இரண்டிலும் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. பெண்ணின் பிரசவத்துக்குப் போனவள் ஊரைச் சுற்றிப் பார்க்கவா முடியும்? பத்தியச் சமையல், துணி அலசுவது, குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைப்பது, இதற்கே பொழுது சரியாக இருந்தது. ஆனால் அந்த மூன்று மாதங்களில் என் பெண் வித்யா குடியிருந்த பேட்டையை நன்றாகத் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

டோக்கியோவின் மையப் பகுதி 23 'கு'க்களாகப் பிரிந்திருக்கிறது. நம் ஊர் வட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தேர்தலில் ஜெயித்த மேயரும் சபையும் தனித்தனியாக உண்டு. அதில் கிழக்கு எல்லையில் இருப்பது எடோகவா. மேற்கே அரகவா ஆறு, கிழக்கே எடோகவா ஆறு, தெற்கே டோக்கியோ வளைகுடா. சுமார் 50 சதுர கிலோமீட்டர், ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக ஜனங்கள். மலை, மேடு என்று மருந்துக்கும் கிடையாது. தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். அந்தக் கல்லும் கொஞ்சம் குழிந்த கல் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வித்யாவும் மாப்பிள்ளையும் இருந்தது நிஷி-கசாய், அதாவது மேற்குக் கசாய் என்ற பகுதியில். நகரின் நடுவிலிருந்து தோசாய் லைன் என்ற ரயிலில் வந்தால், பூமிக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று வெளிச்சத்துக்கு வந்து, ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான பாலத்தில் அரகவாவைத் தாண்டும். தாண்டியதும் நிஷி-கசாய் ஸ்டேஷன். இந்த லைன் இந்தப் பக்கம் நீண்டது 1969இல். இந்த ஸ்டேஷன் திறந்தது 1979இல். அதற்கு முன்னால் இங்கே வயல், குளம், கடல்பாசி காயப்போடும் முற்றங்கள்.

ஸ்டேஷனில் இறங்கியதுமே எனக்கு ஆச்சரியம். சுடிதார் போட்ட பெண்கள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கடையில் துவரம்பருப்பு, புளி, பெருங்காயம்! ஜப்பானில் இந்தியர்கள் அதிகம் வசிக்கும் பேட்டைகளில் இதுதான் பேர்போனது. 1978இல் ஜப்பான் வந்து இங்கே தேயிலை வியாபாரம் செய்த ஜக்மோகன் சந்திரானி என்பவரை இதற்குப் பிள்ளையார்சுழி போட்டவர் என்கிறார்கள். 2000ஆம் வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களெல்லாம் தடுமாறிவிடும் என்று உலகமே பயந்ததே, நினைவிருக்கிறதா? அதைச் சரி செய்ய வந்த நம் பிள்ளைகளுக்கு வீடு பார்த்துக் கொடுத்தும், சைவச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ் நடத்தியும் அவர் உதவினார். வேலை செய்யும் வங்கிகளும் கம்பெனிகளும் ரயிலில் கால் மணி, இருபது நிமிஷ தூரம். அரசுத் துணையோடு கட்டிய அடுக்குமாடிகளில் ஜாமீன் ஆள் கேட்பதில்லை, வீட்டுக்காரருக்குத் திருப்பித் தராத 'நன்றிப் பணம்' கேட்பதில்லை. வெளிநாட்டவருக்கு வேறு என்ன வேண்டும்? 2006இல் இந்தியப் பள்ளிக்கூடமும் வந்தது. 2019 தேர்தலில் புராணிக் என்ற நம்மவர் இந்த வட்டத்தின் சபைக்கே உறுப்பினராகிவிட்டார். இப்போது இங்கே ஐயாயிரத்துக்கும் மேல் இந்தியர்கள்.

என் பெண்ணுக்கு அந்த அடுக்குமாடிகளில் அப்போது இடம் கிடைக்கவில்லை. பின்பக்கத் தெருவில் ஒரு பழைய மர வீடு. கீழே நாங்கள், மாடியில் ஒரு ஜப்பானியக் குடும்பம். மரம், மெல்லிய சுவர், நடந்தால் 'கிரீச்' என்று சத்தம். ஆனால் வாசலில் இரண்டு முழம் மண் இருந்தது. அதுதான் வித்யாவுக்குப் பிடித்தது. பக்கத்துத் தெருவில் இதே மாதிரி ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. வாங்கலாமா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். "டோக்கியோவில் இந்த விலைக்கு மண்ணோடு வீடு கிடைக்காது, அத்தை" என்றார் மாப்பிள்ளை. நானும், "வாங்குங்க, வாசல்ல ஒரு மல்லிகைக் கொடி வைக்கலாம்" என்று தூபம் போட்டேன். வாடகைப் பணம் கையில் நிற்காது என்பது நம் தலைமுறையின் நம்பிக்கை இல்லையா?

செப்டம்பர் நடுவில் பேத்தி பிறந்தாள். அங்கே கர்ப்பம் என்று பதிவு செய்ததுமே வட்ட அலுவலகம் ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கிறது. தாய்-சேய் கைப்புத்தகம் என்று சொல்லலாம். 1948 முதல் நாடு முழுவதும் உள்ள பழக்கம். தாயின் எடை, ரத்த அழுத்தம், குழந்தை பிறந்த நேரம், தடுப்பூசி, பல் முளைத்தது, தவழ்ந்தது எல்லாம் ஒரே புத்தகத்தில். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதைக் காட்டினால் போதும். பிறந்த சில வாரங்களில் ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து குழந்தையை எடை போட்டு, வித்யாவிடம் "ராத்திரி தூக்கம் வருதா? அழுகை அழுகையா வருதா?" என்றெல்லாம் விசாரித்தாள். பிள்ளை பெற்றவளின் மனசையும் எடை போடுகிறார்கள் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இந்த வட்டத்துக்கென்று இன்னொரு பழக்கம் உண்டு. வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளை, அக்கம்பக்கத்தில் அனுபவப்பட்ட பெண்மணி ஒருத்தி தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வாள். வட்ட அலுவலகம் அவளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது. பெயர் 'ஹோய்கு மாமா'. "குழந்தையை மாமாகிட்டே விடலாம்" என்று வித்யா சொன்னதும் "எந்த மாமா?" என்று பதறிவிட்டேன். ஜப்பானில் மாமா என்றால் அம்மா!

இன்னொரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலமாரியில் டயாபர் கட்டுக்கு அடியில் கிடந்தது. வண்ண அட்டை, வரைபடம், மேலே பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா புரட்டினேன். வரைபடம் முழுக்க இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு, ஊதா. அழகாயிருக்கே என்று, "இது என்னடீ எழுதியிருக்கு?" என்றேன்.

வித்யா கொஞ்சம் தயங்கிவிட்டுப் படித்தாள். "இங்கே இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கும்மா."

அது வெள்ள அபாய வரைபடம். 2019 மே மாதம் வட்ட அலுவலகமே ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பியது. பெரும் புயலோ பெருமழையோ வந்து ஆறுகள் உடைத்துக்கொண்டால் வட்டம் அநேகமாக முழுவதும் முழுகும். தண்ணீர் வடிய ஒரு வாரம், இரண்டு வாரம், அதற்கும் மேல்கூட ஆகும். ஆகையால் முன்கூட்டியே வட்டத்தை விட்டே வெளியேறுங்கள் என்று அம்புக்குறி போட்டுச் சொல்கிறது. இதே போலத் தாழ்ந்து கிடக்கும் ஐந்து வட்டங்கள் சேர்ந்து போட்ட திட்டம் இது. அந்த ஐந்திலும் சேர்த்து வெள்ளம் பாயக்கூடிய இடங்களில் இருப்பவர்கள் 25 லட்சம் பேர். ஊதா நிறம்தான் ரொம்ப ஆழம். எங்கள் தெருவும், வாங்க நினைத்த வீடும் அடர்ந்த நிறத்துக்குள்தான் இருந்தன.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பீரோவில் இருந்த கல்யாணப் புடவை முதற்கொண்டு சேறு. அது தாழ்ந்த இடம் என்று வீடு வாங்கும்போது எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இங்கே சர்க்காரே அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது, என் பெண் அதை டயாபருக்கு அடியில் வைத்திருக்கிறாள்!

ஊர் ஏன் இவ்வளவு தாழ்ந்தது? மாப்பிள்ளையைக் கேட்டும், பின்னால் சந்தித்த ஒரு பாட்டியம்மாவைக் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1910 ஆகஸ்டில் டோக்கியோவில் பயங்கர வெள்ளம். அதற்கப்புறம் நகரத்தைக் காப்பாற்ற ஒரு புது ஆற்றையே வெட்டினார்கள். 22 கிலோமீட்டர் நீளம், சுமார் 500 மீட்டர் அகலம். 1911இல் தொடங்கிய வேலை 1930இல்தான் முடிந்தது. பனாமா கால்வாய் வேலையில் இருந்த ஒரே ஜப்பானியரான அகிரா ஆவோயாமா என்ற இன்ஜினியர் இதில் பெரும் பங்கு எடுத்தார். ரயிலில் தாண்டினோமே, அந்த அரகவா உண்மையில் மனிதர் வெட்டிய ஆறு! ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு வாசலைக் கொடுத்துவிட்டு நகர்ந்தன. கோமட்சுகவா, ஹிராய் என்ற ஊர்கள் ஆற்றின் அக்கரைக்குப் போய்விட்டன. 1932இல் எடோகவா வட்டம் ஏற்பட்டபோது அக்கரைத் துண்டும் இதோடு சேர்ந்தது, இன்றும் அப்படித்தான்.

ஆறு வெட்டியது நகரத்துக்கு நல்லதாயிற்று. ஆனால் நிலம் தாழ்ந்தது வேறு காரணத்தால். தொழிற்சாலைகள் பூமிக்கு அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சின. அந்தத் தண்ணீரோடு எரிவாயு கலந்து வருகிறது என்று அதற்காகவும் உறிஞ்சினார்கள். பால் குடித்த வயிறு ஒட்டிப்போகிற மாதிரி நிலம் இறங்கிற்று. 1968இல் நிஷி-கசாயில் ஓரிடம் ஒரே வருஷத்தில் ஒரு சாண் இறங்கியதாம்! 1972இல் எரிவாயு எடுப்பதை நிறுத்திய பிறகு இறக்கம் மெல்ல நின்றது. ஆனால் இறங்கின நிலம் ஏறுமா? சில இடங்கள் இரண்டு மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டன. இன்றைக்கு இந்த வட்டத்தின் நிலத்தில் பத்தில் ஏழு பங்கு, கடல் பொங்கி நிற்கும் நேரத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரைகளும் மதகுகளும், இரவும் பகலும் தண்ணீரை இறைக்கும் பம்புகளும்தான் காவல்.

அக்டோபர் 12, சனிக்கிழமை. ஹகிபிஸ் என்ற புயல் வருகிறது என்று மூன்று நாளாகவே டி.வி.யில் அதே பேச்சு. ஒரு மாதத்துக்கு முன்னால்தான் வேறொரு புயல் பக்கத்து சிபா மாநிலத்தில் கூரைகளைப் பிய்த்தெறிந்து, பல ஊர்களை வாரக்கணக்கில் இருட்டில் போட்டிருந்தது. அதனால் ஜனங்கள் உஷார். வெள்ளிக்கிழமையே கடையில் ரொட்டி இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை, ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டும் டேப் இல்லை.

சனிக்கிழமை காலை கைபேசிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வீறிட்டன. வட்டத்தில் 4 லட்சத்து 30 ஆயிரம் பேரை வெளியேறும்படி அறிவிப்பு. பேத்திக்கு அன்று இருபத்தெட்டாம் நாள். "அடுக்குமாடியா இருந்தா வீட்டிலேயே இருந்திருக்கலாம், அத்தை. நாம தரைத்தளம்" என்றார் மாப்பிள்ளை. வட்டத்துக்கு வெளியே போக நேரமில்லை. ரயில்களும் மதியத்துக்குள் நிற்கப் போகின்றன. பக்கத்துப் பள்ளிக்கூடம்தான் கதி.

என்ன எடுத்துக்கொண்டோம் தெரியுமா? பால் பவுடர், ஃபிளாஸ்க்கில் வெந்நீர், டயாபர், ஒரு பழைய வேட்டி, தாய்-சேய் புத்தகம், பாஸ்போர்ட். நான் ஒரு டப்பா தயிர்சாதம் பிசைந்து வைத்தேன். என் ரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டேன். அதற்காக மாப்பிள்ளை கொட்டும் மழையில் திரும்பி ஓட வேண்டி வந்தது. இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் வாசலில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனோம். கைக்குழந்தைக்காரிகளுக்குத் தனியாக ஒரு வகுப்பறை. சின்னச் சின்ன நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, தரையில் போர்வை. சத்தமில்லை, இடத்துக்குச் சண்டையில்லை. குழந்தை அழுதால் எல்லாரும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். எங்களுக்குப் பக்கத்தில் பேத்தியோடும் கொள்ளுப்பேரனோடும் ஒரு பாட்டியம்மா. எழுபத்தாறு வயது. என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு, குழந்தையின் பாதத்தை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

வித்யா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவர் சொன்னது: அவர் கசாய் கடற்கரைக்காரர். 1949இல் கிட்டி என்ற புயல் அடித்தபோது ஆறு வயது. அன்று தண்ணீர் ஆற்றுப் பக்கமிருந்து வரவில்லை, கடல் பக்கமிருந்து வந்ததாம். அம்மா முதுகில் தம்பி, இடுப்பில் இவர். அப்பா கடல்பாசி வளர்ப்பவர். நம் ஊரில் சிலருக்குக்கூட இப்போது தெரிந்திருக்கிறதே, சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் கறுப்புத் தாள் மாதிரியான 'நோரி', அதுதான். குளிர்காலத்தில் பொழுது விடிவதற்கு முன்னால் ஐஸ் மாதிரித் தண்ணீரில் பறித்து, கொத்தி, நாணல் பாயில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். அப்படியே நம் வடாம் பிழிகிற வேலைதான். பிள்ளைகள் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார்களாம்.

1958இல் ஒரு காகித ஆலை விட்ட கறுப்புத் தண்ணீரால் மீனும் கிளிஞ்சலும் செத்து மிதந்தன. மீனவர்கள் திரண்டு போராடினார்கள். அந்த வருஷமே ஆறு, கடல்களின் தண்ணீரைக் காக்க ஜப்பானில் முதல் சட்டங்கள் வந்தன. ஆனாலும் கடல் பழையபடி ஆகவில்லை. நிலம் வேறு இறங்கிக்கொண்டே போயிற்று. 1962இல் கசாய் மீனவர்கள் தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். "அப்பா அதற்கப்புறம் கடல் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை" என்றார் பாட்டியம்மா.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடற்கரையை ஒட்டியிருந்த சில பேருடைய நிலம் தாழ்ந்து தாழ்ந்து கடலுக்குள்ளேயே போய்விட்டது. பத்திரம் கையில் இருக்கிறது, நிலத்தின் மேல் அலை அடிக்கிறது! 1972 முதல் அந்தக் கடலை மண் போட்டு மேடாக்கி, புதுப் பேட்டைகளை உண்டாக்கினார்கள். செய்ஷின்-சோ, ரின்காய்-சோ என்று பெயர். உயரமாக மண் போட்டதால், வெள்ள வரைபடத்தில் அந்தப் புது நிலம்தான் முழுகாத இடம். தாத்தா காலத்து வயல் முழுகும். நேற்றுக் கடலாக இருந்தது முழுகாது. கேட்க எனக்குத் தலை சுற்றியது.

அன்று மாலை ஆறரை மணிவாக்கில் தரை லேசாக ஆடியது. புயலுக்கு நடுவில் பூகம்பம்! யாரும் எழுந்திருக்கவில்லை. பாட்டியம்மா மாத்திரம் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏழு மணிக்குப் புயல் தென்மேற்கே கரையேறி, ஒன்பது மணிக்கு எங்கள் தலைக்கு மேல் ஊளையிட்டது. குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. நான் விடிய விடிய உட்கார்ந்து, அந்த ஊர்ப் பிள்ளைகள் சுவரில் ஒட்டியிருந்த ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் பொன்மீன்.

மறுநாள் காலை கழுவிவிட்ட மாதிரி நீல வானம். மாப்பிள்ளையோடு ஆற்றங்கரை ஏறிப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், கட்டைகளும் குப்பைகளுமாக, தண்ணீர் நிமிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி ஊர்ப் பக்கம் பார்த்தேன். எங்கள் தெரு எங்கோ கீழே. ஆற்றின் மட்டத்தையும் வாசல்படிகளையும் கண்ணாலேயே அளந்து பார்த்தேன். கரை மட்டும் இல்லையென்றால்... மேலே நினைக்கவே பயமாக இருந்தது. கரை தாங்கிவிட்டது. எடோகவாவில் அன்று பள்ளிகளுக்கு வந்தவர்கள் சுமார் 35 ஆயிரம் பேர். வடக்கே பல மாநிலங்களில் ஆறுகள் உடைத்துக்கொண்டு, அந்தப் புயலில் ஏறக்குறைய நூறு பேர் மாண்டார்கள். மழை நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெய்திருந்தால் யார் கதி என்ன?

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, மல்லிகைக் கொடியைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். வித்யாவுக்குக் கோபம். "நீதானேம்மா வாங்கு வாங்குன்னே?" என்றாள். ஆமாம், நான்தான் சொன்னேன். அப்போது அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கவில்லையே! இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாப்பிள்ளை இருவருக்கும் நடுவில் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி நான் போனது 2024 கோடையில். நிஷி-கசாயில் அப்போது இந்தியாவை எல்லாருக்கும் நினைவுபடுத்த இன்னொரு காரணமும் இருந்தது. ஜூலை கடைசியில் எடோகவாவில் காந்தியின் மார்பளவுச் சிலையை நம் வெளியுறவு மந்திரி திறந்து வைத்தார். வித்யா குடும்பம் இப்போது செய்ஷின்-சோவில், அதாவது அந்தப் 'பழைய கடலில்', ஐந்தாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறது. பால்கனியில் தொட்டியில் கறிவேப்பிலை. மண் இல்லையே என்ற குறை வித்யாவுக்கு இன்னும் தீரவில்லை.

நாலே முக்கால் வயசுப் பேத்தியோடு இந்தத் தடவை நிறையச் சுற்றினேன். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அது கொடுத்து வைத்த பேட்டை. ஃபுருகவா என்று ஒரு பழைய கால்வாய். ஊர் வேகமாக வளர்ந்த காலத்தில் சாக்கடையாக நாறியதாம். மூடி ரோடு போடுவதற்குப் பதிலாகச் சுத்தம் செய்து, கல் பதித்து, தெளிந்த தண்ணீர் விட்டு, 1973இல் பூங்காவாக்கினார்கள். இந்த மாதிரி நாட்டிலேயே முதலாவது. கோடையில் குழந்தைகள் கணுக்கால் தண்ணீரில் கும்மாளம் போடுகிறார்கள், தாய்மார் கரையில் காலை நனைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கியோசென் பூங்காவில் சிவப்புப் பாண்டாவும் பென்குவினும் உள்ள மிருகக்காட்சி சாலை, கட்டணம் கிடையாது. கடலோரத்தில் 1989இல் திறந்த பெரிய பூங்கா. அதை ஒட்டிய சேற்றுக் கடலில் பறவைகள் வந்து இறங்குகின்றன. 2018இல் அது ராம்சார் ஒப்பந்தப்படி காக்கப்படும் இடமாயிற்று. டோக்கியோவுக்கு அதுவே முதல்.

பள்ளிச் சுவரில் ஏன் அத்தனை பொன்மீன் என்பதும் இப்போதுதான் புரிந்தது. ஜப்பானில் பொன்மீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற மூன்று இடங்களில் எடோகவா ஒன்று. தாழ்ந்த நிலம், தண்ணீர் தேங்கும், குளம் வெட்டுவது சுலபம். இப்போது குளங்கள் போய் வீடுகள் வந்துவிட்டன. மிஞ்சிய வளர்ப்புக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வருஷா வருஷம் ஜூலையில் பொன்மீன் திருவிழா நடக்கிறது. ஜன்னலில் கட்டும் கண்ணாடி மணியும் இந்த வட்டத்துக் கைவேலைதான். வாயால் ஊதிச் செய்து, உள்பக்கமாகவே சித்திரம் தீட்டி, விளிம்பைத் தேய்க்காமல் சொரசொரவென்று விடுகிறார்கள். அந்தச் சொரசொரப்பில் உரசினால்தான் நாதமாம். ஒன்று வாங்கி வந்து சமையலறை ஜன்னலில் கட்டியிருக்கிறேன்.

முக்கியமாகக் கீரையைச் சொல்ல வேண்டும். கோமட்சுனா என்ற கீரை பிறந்ததே இந்த வட்டத்தில்தான். 1719இல் ஷோகுன் யோஷிமுனே வேட்டைக்கு வந்தபோது கோமட்சுகவா கோயிலில் அவருக்குக் கீரை போட்ட ரசம் கொடுத்தார்களாம். ருசித்துவிட்டு, பெயர் என்ன என்று கேட்டாராம். பெயரில்லை என்றதும் ஊர்ப் பெயரையே வைத்தார் என்று கதை. இன்றும் வீடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கூடாரங்களில் பச்சைப் பசேலென்று நிற்கிறது. கடுகு இனம். 100 கிராமில் 170 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. பசலை வகையான பாலக்கில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல். இரும்புச் சத்தும் ஜாஸ்தி. பால் கொடுக்கும் தாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாலக் மாதிரி வேகவைத்து நீரை வடிக்கவும் வேண்டாம். வித்யாவின் பிரசவத்துக்கே இதைத்தான் பாசிப்பருப்பு போட்டு, சீரகம், பூண்டு தாளித்துக் கூட்டு செய்து போட்டேன். கடைசித் தட்டில் இலையைவிடத் தண்டுக்கு ஒரு நிமிஷம் முன்கூட்டி நெருப்பு வேண்டும். மற்றபடி நம் கீரை மாதிரியேதான்.

ஒரு சாயங்காலம் பழைய தெருவுக்கும் போனேன். நாங்கள் வாங்காத அந்த வீட்டில் யாரோ இளந்தம்பதி குடியேறியிருந்தார்கள். மாடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. வாசல் மண்ணில் தக்காளிச் செடி. பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்களும் அந்தப் புத்தகத்தைப் படித்திருப்பார்கள். வீடு விற்கும்போது அந்த இடம் வெள்ள வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டியே ஆக வேண்டும் என்று 2020 முதல் சட்டமே இருக்கிறதாம். படித்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். வித்யா பின்னாலிருந்து, "தக்காளி நல்லா வந்திருக்கு இல்லேம்மா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் கடைபரப்பியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வெள்ளப் பையை எடுத்துச் சரிபார்ப்பது வழக்கமாம். தேதி தாண்டிய பிஸ்கட்டை வெளியே எடுத்துப் புதுசு வைப்பது, டார்ச்சுக்கு பாட்டரி மாற்றுவது, சிறிசாகிப் போன உடுப்பை எடுத்துவிட்டுப் பெரிசு வைப்பது. பேத்திக்கென்று தனியாக ஒரு குட்டிப் பை, அதன் மேல் பொன்மீன் படம். ஒவ்வொன்றாக உள்ளே வைத்துக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"பாட்டி, உன் மாத்திரை?"